கையில் வரும் காசும் கணக்கில் வராத குடும்பங்களும்

நோட்டன் பிரிட்ஜ் பஜாரில் நின்று பார்த்தால் இரண்டு காட்சிகள் கண்ணில் படும். ஒன்று கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணைக்கட்டு. மற்றது, அதைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயங்கள். 1950ஆம் ஆண்டு லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஆற்று நீர் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்து வருகிறது. ஆனால் அணைக்கட்டுக்கு மேலேயுள்ள பல லயங்களில் குப்பி விளக்கு அணைந்து மின்குமிழ் எரிவதற்கு அதன் பின்னும் பல பத்தாண்டுகள் சென்றன. செல்வம் உண்டாகும் இடத்திலேயே அதன் பலன் கடைசியாக வந்து சேரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்ட விடயம் மின்சாரம் அல்ல, காசு. வறிய குடும்பங்களுக்கு அரிசி, மா, சீனி என்று பொருளாகக் கொடுக்காமல் நேரடியாகப் பணத்தையே கொடுத்தால் என்ன நடக்கிறது? அது குடும்பத்தை நிமிர்த்துகிறதா, அல்லது கையேந்தும் பழக்கத்தை வளர்க்கிறதா? வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்து நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. உங்களுள் சிலருடைய பெற்றோர் 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது இந்த மலைகளை விட்டு ஓடி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். போரில் அங்கிருந்தும் பெயர்ந்தவர்கள். ஆகவே நோட்டன் பிரிட்ஜின் கதை உங்களுக்கு அந்நியமான கதை அல்ல.

ஒரு குடும்பத்தின் வரவு

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்தில் 20 நாள் பெயர் விழுந்தால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா கழியும். மிச்சம் 24,840 ரூபா. சங்கச் சந்தா, முற்பணம் போன்றவை போக கைக்கு வருவது இன்னும் குறையும். மழைக்காலத்திலோ கொழுந்து குறைந்த மாதத்திலோ 12 நாள்தான் வேலை என்றால் மொத்தச் சம்பளமே 16,200 ரூபாதான்.

குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி 2025ஆம் ஆண்டில் ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்ய மாதமொன்றுக்கு 16,000 ரூபாவுக்கு மேல் தேவைப்பட்டது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது 64,000 ரூபாவைத் தாண்டும். கணவனும் மனைவியும் இருவரும் 20 நாள் வேலை செய்தாலும் 49,680 ரூபாதான் வந்தது. சோம்பேறித்தனத்தால் வந்த வறுமை அல்ல இது. நாள் தவறாமல் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்து, அதற்குப் பின்னும் எட்டாத வரவு. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவு அளவையில் நாடு முழுவதற்குமான வறுமை நூற்றுக்கு 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 ஆக இருந்தது.

இந்த இடைவெளி எங்கே நிரப்பப்படுகிறது? கடைக்காரரின் பற்றுக் கொப்பியில், அடகுக் கடையில், நுண்நிதி நிறுவனங்களின் வாரக் கடனில். கொப்பியில் வாங்கும் குடும்பம் விலை கேட்க முடியாது. இன்னொரு கடைக்குப் போகவும் முடியாது. கையில் சிறிது ரொக்கம் வந்தால் முதலில் மாறுவது இந்த நிலைதான். காசின் தொகை சிறிதாயினும் அது குடும்பத்துக்குத் தெரிவு செய்யும் சுதந்திரத்தைத் தருகிறது.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்

நம் நாட்டில் நேரடி உதவி நேற்றுத் தோன்றியதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு வந்தது. 1979இல் அதன் இடத்தில் உணவு முத்திரை வந்தது. மாதத்துக்கு 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கே அது என்று வரையறுக்கப்பட்டது. இங்கேதான் தோட்ட மக்களுக்கு முதல் அடி விழுந்தது. கிராமத்து விவசாயியின் வருமானம் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொல்வதே கணக்கு. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் சதம் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே லயக்காம்பிராவில் நான்கு பேர் உழைத்தால் நால்வரின் சம்பளமும் கூட்டப்படும். எத்தனை வாய்கள் சாப்பிடுகின்றன என்பது பின்னுக்குப் போய்விடும்.

1989இல் ஜனசவிய வந்தது. தெரிவு செய்யப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபா செலவுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது. இவ்விரண்டின் ஆரம்ப ஆண்டுகளிலும் தோட்டங்கள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றன. தோட்ட மக்களைப் பார்த்துக்கொள்வது கம்பெனியின் பொறுப்பு என்ற பழைய எண்ணமே இதற்கு அடிப்படை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள் அது முழுமையாகத் திரும்பி வர 2003 வரை காத்திருந்ததும், பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்ய 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை வழி இல்லாதிருந்ததும் இதே எண்ணத்தின் கிளைகளே.

உணவு முத்திரையிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அதன் பெறுமதி ரூபாவில் நிலையாக எழுதப்பட்டது. விலைகள் ஏறின, முத்திரையின் எண் அப்படியே நின்றது. சில ஆண்டுகளுக்குள் அது வாங்கக்கூடிய அரிசி பாதி அளவுக்குச் சுருங்கிவிட்டது. எவரும் உதவியை வெட்டியதாக அறிவிக்கவில்லை. விலைவாசியே சத்தமில்லாமல் வெட்டிவிட்டது.

அஸ்வெசும

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நகர நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. கோதுமை மா ரொட்டியை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு அது பேரிடி. இதன் பின் 2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு வகையாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. மிக வறிய 400,000 குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறிய 800,000 குடும்பங்களுக்கு 8,500 ரூபா, பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களுக்கு 5,000 ரூபா, இடைநிலையினருக்கு 2,500 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் முதலிரு வகையினரின் தொகை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபா ஆக்கப்பட்டது.

முன்பு போட்ட கணக்குக்குத் திரும்புவோம். ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பத்தில் 24,840 ரூபாவுடன் 10,000 ரூபா சேர்ந்தபோது வரவு ஐந்தில் இரண்டு பங்கு கூடியது. பிள்ளைக்கு முட்டை, பாடசாலைக்குச் சப்பாத்து, வைத்தியசாலைக்குப் போக பஸ் காசு என்று தள்ளிப்போட்டவை நிறைவேறும். ஆயினும் மொத்தம் 34,840 ரூபாதான். தேவையின் பாதிக்குச் சற்று மேல். இரண்டு பேர் உழைக்கும் குடும்பத்துக்கு இதே தொகை சேர்ந்தாலும் 59,680 ரூபாவோடு நின்றுவிட்டது. உதவிப்பணம் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கிறது. பள்ளத்தை மூடுவதில்லை.

பட்டியலில் இடம் பெறுவதுதான் இன்னமும் பெரும் பிரச்சினை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளி இடப்படுகிறது. தாளில் பார்க்க நியாயமான முறையே. ஆனால் லயத்து வாழ்க்கை அந்தத் தாளுக்குள் எளிதில் அடங்காது. ஒரே காம்பிராவில் பெற்றோரும், மணமான மகனும், கணவனை இழந்த மகளும் திரை கட்டி வாழ்ந்தால் அது ஒரு குடும்பமா, மூன்று குடும்பமா? மின்பாவனை கேட்கப்படுகிறது; ஒரே மின்மானியில் இரண்டு அடுப்படி இருந்தால் அது யாருடைய பாவனை? ஆறேழு லயங்களுக்கு ஒரே விலாசம் இருந்தால் கடிதம் யார் கைக்கு வந்து சேரும்? 2023 ஜூலையில் முதற்பட்டியல் வெளியானதும் நாடு முழுவதிலுமிருந்து ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. பிழை ஒரு மலையில் மட்டும் நடக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் மேன்முறையீடு செய்வதற்கும் படிவம் நிரப்பத் தெரிய வேண்டும், ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏற வேண்டும். மிகவும் வறியவரே இதில் பின்தங்கிவிடுகிறார்.

"காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள்"

நேரடியாகப் பணம் கொடுப்பதற்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் வாதம் இது. தோட்டங்களில் சாராயத்தால் அழிந்த குடும்பங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதவிப்பணம்தான் அங்கே போகிறதா என்பதே கேள்வி. உலக வங்கியைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் செய்யப்பட்ட 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: உதவிப்பணம் பெற்ற குடும்பங்களில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. கென்யாவில் எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுக்கப்பட்ட கிராமங்களிலும் அது உணவுக்கும், கூரைத் தகரத்துக்கும், ஆடு மாடுகளுக்குமே சென்றது.

பணம் யார் கையில் வருகிறது என்பது முக்கியம். மெக்சிக்கோவில் 1997இல் தொடங்கிய திட்டத்தில் பணம் தாய்மாரிடமே வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாவாகப் போகிறது. அங்கே அதற்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று பெயர் வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் பெண்ணின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவள் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் இருப்பது வெறும் வசதி மட்டுமல்ல. வீட்டில் அவளுடைய சொல்லுக்கு ஒரு நிறை கிடைக்கிறது.

பொருளா, பணமா?

இதற்கு எக்காலத்துக்கும் ஒரே விடை கிடையாது. 2004 சுனாமிக்குப் பின் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 375 ரூபா என்று நிர்ணயித்து, அதில் 200 ரூபாவைப் பணமாகவும் 175 ரூபாவைப் பொருளாகவும் அரசு கொடுத்தது. கடைகள் திறந்திருந்த இடத்தில் பணம் நன்றாக உதவியது. குழந்தைக்கு வேண்டியதும் கிழவிக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்பது தாய்க்குத் தெரியும், லொறியில் வரும் மூட்டைக்குத் தெரியாது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கி, மண்சரிந்து பாதைகள் மூடப்பட்டபோது, கையில் காசு இருந்தும் வாங்கப் பொருள் இல்லாத நாட்கள் வந்தன. அந்த நாட்களில் சமைத்த சோறும் உலர் உணவுமே உயிர் காத்தன. பாதை திறந்து கடை திறந்த பின் பணம் வரவேண்டும். முதல் வாரத்துக்குப் பொருள், அதன் பின் பணம் என்பதே அனுபவம் சொல்லும் ஒழுங்கு.

பெருந்தொகையாக வரும் பணத்தின் சங்கதி வேறு. இதை வடக்கில் மீளக்குடியேறியவர்கள் நன்கறிவர். 2012இலிருந்து இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடகிழக்கில் வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணையாக உரிமையாளரின் கணக்கிலேயே போடப்பட்டது. தாமே மேசனைப் பிடித்து, தாமே கல் அறுத்து வீடு கட்டினார்கள். அது பெருமைக்குரிய காரியம். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மணலும் சீமெந்தும் கூலியும் விலை ஏறின. வீட்டைப் பெரிதாகக் கட்டத் தொடங்கியவர்கள் கடன்பட்டார்கள், நகையை அடகு வைத்தார்கள். தோட்டத்தில் ஓய்வு பெறுபவரின் சேமலாப நிதிப்பணத்துக்கும் இதே கதிதான். முப்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வந்து, கடன்காரர் கைக்கும் ஒரு கலியாணத்துக்கும் போய்விடுகிறது. மாதாந்தம் வரும் சிறுதொகை அடுப்பைக் காக்கும். பெருந்தொகை வருமுன் திட்டம் இருக்க வேண்டும்.

காசு செய்ய முடியாதது

ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காணி உள்ளவனுக்குக் கிடைக்கும் 10,000 ரூபாவும் காணி இல்லாதவனுக்குக் கிடைக்கும் 10,000 ரூபாவும் ஒரே தொகை அல்ல. உங்களில் தோட்டக் காணி திரும்பக் கிடைத்தவர் அந்தப் பணத்தில் மிளகாய்க் கன்று நடலாம், கோழி வளர்க்கலாம். அடுத்த போகத்தில் அது பெருகும். லயத்தில் வாழ்பவருக்குக் காலுக்குக் கீழே உள்ள மண் சொந்தமில்லை. பசு வளர்க்கக் கொட்டில் போடவும், லயத்துக்கு ஓர் அறை கூட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மண்சரிவில் லயம் இடிந்தாலும் வீட்டுக்கு உறுதி கேட்டால் காட்ட எதுவும் இல்லை. புதிய வீடுகளுக்குக் காணி கொடுக்கும் வேலை நடக்கிறது. இந்தியாவின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள், பின்னர் 2017 மேயில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று எண்ணிக்கை கூடுகிறது. ஆயினும் இரண்டு நூற்றாண்டு லயத்தோடு ஒப்பிட்டால் இது தொடக்கமே.

அதுபோலவே உதவிப்பணம் நியாயமான சம்பளத்துக்குப் பதிலாக ஆகிவிடக்கூடாது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசே தருவதாக முன்மொழியப்பட்டது. தொழிலாளிக்கு அது நல்ல செய்திதான். ஆனால் உழைப்பின் கூலியில் ஒரு பகுதியைக் கம்பெனி கொடுக்காமல் பொதுமக்களின் வரிப்பணம் கொடுப்பது எத்தனை காலத்துக்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

1. குடும்பப் பட்டியலைச் சரிபார்த்தல். மகனோ மகளோ தனிக் குடித்தனம் என்றால் கிராம உத்தியோகத்தரிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாதவர்கள் நடமாடும் சேவை வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

2. தாயின் பெயரில் வங்கிக் கணக்கு. நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடங்களிலிருந்து ஹட்டனுக்கோ மஸ்கெலியாவுக்கோ வங்கி அலுவலாகப் போகும்போது நாலைந்து பேர் சேர்ந்து போனால் படிவம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவராவது கூட இருப்பார்.

3. மறுக்கப்பட்டால் எழுத்தில் கேட்டல். வாய்ச்சொல் போதாது. மேன்முறையீட்டின் பிரதி ஒன்றையும், கொடுத்த திகதியையும் வீட்டில் வைத்திருங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் சட்டம் இடம் தருகிறது.

4. முதலில் கொப்பிக் கடன். மாதம் ஒரு சிறு தொகையையாவது பற்றில் கழித்து வந்தால் சில மாதங்களில் ரொக்கத்துக்கு வாங்கலாம், விலை கேட்கலாம்.

5. அயலவருக்காகப் பேசுதல். உங்கள் லயத்தில், உங்கள் குடியேற்றத்தில், பட்டியலில் இல்லாத கிழவி யார், அங்கவீனர் யார்? அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கு ஒரு மணி நேரமே ஆகும்.

நேரடிப் பணம் வறியவரை நம்பும் உதவி. தம் குடும்பத்துக்கு எது தேவை என்பது அவர்களுக்குத் தெரியும் என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதே உலக அனுபவம். ஆனால் அது சரியான பட்டியலோடும், விலைக்கேற்ற தொகையோடும், குறித்த நாளிலும் வரவேண்டும். பக்கத்தில் காணியும் சம்பளமும் நிற்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜில் தேங்கும் நீர் மலை இறங்கிப் போய் எங்கோ விளக்கெரிப்பதுபோல், நம் உழைப்பின் பலனும் நம்மைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தால், மாதம் ஒருமுறை வரும் காசை எண்ணிக்கொண்டே நம் பிள்ளைகளும் அதே வரிசையில் நிற்பார்கள்.

கலந்துரையாடலுக்கு:

அ. உங்கள் இடத்தில் உதவிப்பணம் பெறத் தகுதியிருந்தும் பெறாத குடும்பங்கள் எத்தனை? காரணம் என்ன?

ஆ. இடம்பெயர்ந்த காலத்தில் பொருளாகவும் பணமாகவும் கிடைத்த உதவிகளில் எது உங்களுக்குக் கூடுதலாகப் பயன்பட்டது? ஏன்?

இ. உங்கள் வீட்டில் கடந்த மாதம் வந்த பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானித்தவர் யார்?